சிவகாசிக்கும் கல்கத்தாவுக்கும் இடையே: வழித்தூரமும் வழிப்பொழுதும்

தமிழில் தூரத்தைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் ‘நாழிகை வழி’ என்பது ஒன்று. ஒரு நாழிகைப் பொழுதில், அஃதாவது இருபத்துநான்கு நிமிஷத்தில், ஒருவன் கால்நடையாகக் கடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி எனப்பட்டது. ஏறக்குறைய ஒன்றரை மைல் என்று பிற்காலத்தார் அதற்குக் கணக்குச் சொன்னார்கள். நம் முன்னோர் நிலத்தின்மேல் சங்கிலி போட்டு அளக்கும் வழக்கம் வருமுன்னரே பொழுதைக் கொண்டு வழியை அளந்தனர் என்பது இச்சொல்லால் விளங்கும். பின்னர் மைல் வந்தது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆயினும் இன்று மதுரையில் ஆகாய விமானம் ஏறும் நம்மவரை ‘சென்னை எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால், ‘ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்’ என்றுதான் விடை வருகின்றது. நானூற்றிருபது கிலோமீட்டர் என்று சொல்வாரைக் காண்பது அரிது. பாட்டனாரின் நாழிகைக் கணக்குக்கே பேரன் திரும்பிவிட்டான்.

தூரம் வேறு, அதைக் கடக்கும் காலம் வேறு. தூரம் மாறுவதில்லை, காலமோ தலைமுறைதோறும் மாறி வந்திருக்கின்றது. அவ்வாறு மாறியதனால் நம் ஊர்களுக்கு நேர்ந்தது யாது என்பதை, சிவகாசி, கல்கத்தா என்னும் இரண்டு நகரங்களை எடுத்துக்கொண்டு ஆராய விரும்புகின்றோம். கல்கத்தாவை நாம் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு; அது பின்னர் விளங்கும்.

முதலில் மாட்டு வண்டியின் காலத்தைப் பார்ப்போம். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களும் வானம் பார்த்த பூமியில் அமைந்தவை. ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. கரிசல் மண்ணில் பருத்தியும் தானியமும் மழையை நம்பி விளைந்தன. விளைந்த ஊரிலேயே விற்றுப் பிழைக்க வகையில்லாமையால், பொதி மாட்டிலும் பார வண்டியிலும் சரக்கேற்றி வெளியூர் சென்றே வாணிகம் செய்ய வேண்டியிருந்தது. பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு இரண்டு அல்லது இரண்டரை மைல் நகரும். மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் ஓய்வும் கொடுத்து ஓட்டினால் நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மைல் போகலாம். விருதுபட்டியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஏறத்தாழ எழுபது மைல். அதற்கு ஐந்தாறு நாள் பிடிக்கும். சென்னைப் பட்டணத்துக்கு வண்டி கட்டினால் ஒரு மாதம் ஆகும்.

இதில் மைல் ஒரு தடையே அன்று. தடையாயிருந்தது இரவு. வழிப்பறிக்கு அஞ்சிய காலம் அது. சரக்கும் பணமும் மாடும் ஒருங்கே பறிபோனால் ஒரு குடும்பம் மட்டுமன்று, அக்குடும்பத்துக்குக் கடன் கொடுத்தவர் குடும்பமும் கெடும். ஆகவே நம் முன்னோர் வழியெங்கும் ‘பேட்டை’ என்னும் மதில் சூழ்ந்த இடங்களை ஏற்படுத்தினர். வண்டிகளை உள்ளே விட்டுக் கதவடைத்துவிட்டால், மாட்டுக்கு நீரும், மனிதனுக்குச் சமைக்க இடமும், சரக்குக்குக் காவலும் கிடைக்கும். இதற்கென வண்டிக்கும் சரக்குக்கும் இவ்வளவென்று செலுத்திய தொகையே மகமை ஆயிற்று. அம்மகமை நாளடைவில் பெருகிக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகும் பொதுநிதியாக வளர்ந்தது. 1880-களில் விருதுபட்டியில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலை அந்நிதியின் பயனே.

பேட்டையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் ஒற்றுமையையும் அறத்தையும் புகழ்வர். நாமும் புகழ்வோம், எனினும் அதன் முதற்காரியம் பொழுதைச் சேர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது. பேட்டை இல்லாத வழியில் வண்டிக்காரன் பலர் துணை சேரும்வரை புறப்படாமல் காத்திருப்பான். அல்லது பகல் முடியுமுன்னரே கண்ட ஊரில் ஒதுங்குவான். பேட்டை உள்ள வழியிலோ இன்ன நாள் புறப்பட்டால் இன்ன நாள் சேரலாம் என்று வாக்குக் கொடுக்கலாம். வியாபாரத்துக்கு வேண்டியது வேகத்தைக் காட்டிலும் இந்த வாக்கே. சரக்கு என்று வரும் என்று தெரிந்தால்தான் அதன்மேல் கடன் வாங்கலாம், விலை பேசலாம். நாள் தவறாமல் சேரும் ஊர் பக்கத்து ஊரேயாகும். எப்போது சேரும் என்று தெரியாத ஊர் எத்தனை மைலில் இருந்தாலும் தூரதேசந்தான்.

நிற்க. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடி வரை தென்னிந்திய இரயில்வேயின் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதை விருதுபட்டி வழியாகவும் சாத்தூர் வழியாகவும் சென்றது. 1880-க்குள் சென்னையோடும் தொடர்பு ஏற்பட்டது. ஐந்தாறு நாள் வழியாயிருந்த தூத்துக்குடி அரை நாளுக்குள் அடங்கிற்று. ஒரு மாத வழியாயிருந்த சென்னை ஒரு பகலும் ஓர் இரவுமாகச் சுருங்கிற்று. விருதுபட்டி மிளகாய்க்கும் பருப்புக்கும் பருத்திக்கும் எண்ணெய்க்கும் பெருஞ்சந்தையாக ஓங்கியதற்குப் பல காரணங்கள் கூறலாம். அவற்றுள் இந்த இரயில் நிலையத்தைத் தள்ளிவைத்து எழுதும் வரலாறு முழுமையாகாது. 1923-இல் விருதுநகர் எனப் பெயர் பூண்ட அவ்வூரின் சந்தை நிலவரத்தைத் தமிழ்நாடெங்கும் வியாபாரிகள் நாளிதழில் தேடிப் படிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஆற்றுநீர் பாயாத ஓர் ஊர், தன் வயலில் விளையாத பண்டங்களுக்கு விலை சொல்லும் ஊரானது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிவகாசிக்கோ அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே பதினாறு மைல்தான். ஆயினும் 1876 முதல் ஐம்பத்தோராண்டு காலம் சிவகாசி இருப்புப்பாதையைக் காணாமலே இருந்தது. விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் பாதை 1927-இல் திறக்கப்பட்ட பின்னரே திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களுக்கு இரயில் வந்தது. அந்த ஐம்பத்தோராண்டும் சிவகாசி வியாபாரி விருதுநகருக்கோ சாத்தூருக்கோ வண்டி கட்டியே இரயிலைப் பிடித்தார். பதினாறு மைல் வண்டிக்கு ஓர் இரவு. விருதுநகரிலிருந்து சென்னை வரை முந்நூற்றெழுபது மைல் இரயிலுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. அடுத்த ஊருக்குச் செல்ல ஓர் இரவும், அடுத்த இராஜதானிப் பட்டணத்துக்குச் செல்ல இன்னோர் இரவுமாயிற்று. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நாம் கூறப்போகும் யாத்திரையின் அருமை புலப்படும்.

1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தா சென்றனர். மழை பொய்த்து வேலையின்றி மக்கள் வாடிய காலம் அது. அவ்வாண்டில் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு அரசாங்கம் இறக்குமதி வரியை உயர்த்தியது. ஆகவே நாட்டுக்குள்ளேயே செய்து விற்றால் இலாபம் உண்டு என்ற எண்ணம் பல இடங்களில் எழுந்தது. ஆனால் செய்முறை தெரிந்தவர் நம் பக்கத்தில் இல்லை. கல்கத்தாவிலே இருந்தனர். அங்கே பூர்ண சந்திர ராய் என்னும் வங்காளப் பெரியாரை அடுத்து, எட்டு மாத காலம் தங்கித் தொழில் பயின்று, 1923-இல் ஊர் திரும்பித் தீப்பெட்டி ஆலையைத் தொடங்கினர். சிவகாசியின் இன்றைய தொழில்கள் அனைத்துக்கும் அதுவே முதல் வித்து என்பது நம் குடும்பங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி.

அறிந்த செய்திதான் என்றாலும், அவ்வழியை மைல் மைலாக எண்ணிப் பார்த்தவர் சிலரே. சிவகாசியிலிருந்து அக்காலத்தில் கல்கத்தா செல்வதற்குரிய வழி இது: முதலில் பதினாறு மைல் மாட்டு வண்டியில் விருதுநகர். அங்கிருந்து மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மாயவரம், விழுப்புரம் வழியாகச் சென்னை எழும்பூர். விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குக் குறுக்குப் பாதை 1929-இல்தான் வந்தது. ஆதலால் காவேரிப் பக்கம் சுற்றிக்கொண்டே போக வேண்டும். எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைச் சுமந்து, சென்ட்ரல் நிலையத்துக்கு மாற வேண்டும்; ஏனெனில் தென்னிந்திய இரயில்வே சிறு பாதை, வடக்கே செல்வது பெரும்பாதை. சென்ட்ரலிலிருந்து வால்டேர் வரை ஒரு கம்பெனியின் பாதை. வால்டேரிலிருந்து ஹௌரா வரை வங்காள நாகபுரி இரயில்வேயின் பாதை. கிருஷ்ணை, கோதாவரி, மகாநதி என மூன்று பேராறுகளையும் கடக்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து ஹௌரா மட்டும் 1,030 மைலுக்குமேல். இரயிலில் இரண்டு இரவுகள் கழியும்.

இவை அனைத்தையும் கூட்டினால் சிவகாசியிலிருந்து கல்கத்தா ஏறத்தாழ 1,420 மைல், அஃதாவது 2,280 கிலோமீட்டர் ஆகின்றது. வண்டியில் ஓர் இரவு, தென்னிந்திய இரயிலில் ஓர் இரவு, சென்னையில் காத்திருக்கும் பொழுது, வடநாட்டு இரயிலில் இரு இரவு. ஆக நான்கு நாளுக்குக் குறையாது, ஐந்து நாளும் ஆகலாம். வழியில் தமிழ் தெலுங்காகும், தெலுங்கு ஒரியாவாகும், ஒரியா வங்காளியாகும். உணவு மாறும். தண்ணீர் மாறும். ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால் அதுவும் அதே இரயிலில் அதே நான்கைந்து நாள் பயணம் செய்தாக வேண்டும். மறுமொழி வர மறுபடியும் அவ்வளவு. எட்டு மாதத்தில் ஒரு வீட்டாருக்கு எத்தனை கடிதப் போக்குவரத்து இயலும் என்பதை நம் சகோதரிகள் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. வழியை நடந்தவர்கள் மட்டுமன்று, வாசலில் காத்திருந்தவர்களும் தூரத்தை அளந்தவர்களே. வரலாற்று ஆசிரியர்கள் பெரும்பாலும் இவர்களை எழுதுவதில்லை.

இந்த ஊர்களிலிருந்து கல்கத்தா சென்ற இன்னொருவரையும் இவ்விடத்தில் நினைக்கலாம். 1930-ஆம் ஆண்டு வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டதற்காக விருதுநகர் காமராஜர் தண்டிக்கப்பட்டுக் கல்கத்தா அலிப்பூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். 1931-இல் காந்தி இர்வின் ஒப்பந்தத்தின் பேரில் விடுதலையானார். எட்டாண்டுக்கு முன்னர் இருவர் தாமாகத் தேடிச் சென்ற தூரத்தை, அரசாங்கம் தண்டனையாகப் பயன்படுத்திற்று. தன் ஊரிலிருந்து ஆயிரத்து நானூறு மைல் தள்ளி ஒருவனை அடைத்துவிட்டால், பார்க்க வருவோர் வரமாட்டார் என்பது அதன் எண்ணம் போலும். அதே வழி ஒருவருக்குக் கல்வியாகவும் ஒருவருக்குக் காவலாகவும் ஆயிற்று.

இனி ஆகாய மார்க்கத்துக்கு வருவோம். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தில் தபால் மூட்டையுடன் புறப்பட்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹூவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் தபாலை ஏற்றுக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னை சேர்த்தார். கராச்சியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,300 மைல். நாம் மேலே கணக்கிட்ட கல்கத்தா வழிக்குச் சற்றே குறைவு. அத்தூரத்தைத் தபால் மறுநாளே கடந்துவிட்டது. மனிதனுக்கு நான்கைந்து நாள் பிடித்த தூரம் கடிதத்துக்கு இரண்டு நாளாயிற்று.

இதில் நம்மவர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்த விமானம் இரவில் பறக்கவில்லை. இரவில் இறங்குதற்கு விளக்கும் வழிகாட்டியும் இல்லாமையால், பல்லாரியில் தங்கிக் காலையில்தான் புறப்பட்டது. மணிக்கு நூறு மைல் பறக்கும் யந்திரத்துக்கும் இரவுக்கு ஒரு பேட்டை வேண்டியிருந்தது. விருதுபட்டி வண்டிக்காரனைப் போலவே ஆகாயத்து வண்டிக்காரனும் பொழுது சாயுமுன் காவலுள்ள இடம் தேடினான். 1938-இல் இந்தத் தபால் மார்க்கம் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. கொழும்புக்கு நம் வியாபாரிகள் வைத்திருந்த தொடர்பைச் சொல்ல வேண்டியதில்லை; தூத்துக்குடியில் கப்பல் ஏறியும், 1914-க்குப் பின் தனுஷ்கோடி வழியாகவும் அவர்கள் சென்று வந்தனர். அவர்களுடைய கடிதம் இனிக் கடலுக்கு மேலே செல்லலாயிற்று.

இரவின் தடையும் பின்னர் நீங்கிற்று. 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கப்பட்டது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் சந்தித்துத் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. சென்னையில் மாலை இட்ட கடிதம் காலையில் கல்கத்தா சேரும் காலம் வந்தது. நான்கு திசை வண்டிகளும் ஓரிரவில் கூடிச் சரக்கு மாற்றிக்கொள்ளும் இடத்தை நம் பாட்டனார் பார்த்திருந்தால் அதற்கு வேறு பெயர் தேடியிருக்கமாட்டார். நாகபுரியைச் சிவகாசியார் வேறொரு வகையிலும் நன்கறிவர். வெடிபொருள் உரிமம் வழங்கும் மத்திய அரசு ஸ்தாபனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருக்கின்றது.

மதுரையில் விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், இராணுவத்தின் பொருட்டு அமைந்தது. பயணிகள் விமானம் போருக்குப் பின்னரே வந்தது. விருதுநகர் மாவட்டத்துக்குத் தனியே விமான நிலையம் இல்லை. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்னரும் மதுரையையே நம்பியிருக்கின்றது. சிவகாசியிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர்.

சரி, இன்று சிவகாசியிலிருந்து கல்கத்தா எவ்வளவு தூரம்? 2001 முதல் கொல்கத்தா எனப் பெயர் மாறிய அந்நகரத்துக்குப் பறவை பறக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 1,840 கிலோமீட்டர். அன்றைய வழியினின்றும் நானூறு கிலோமீட்டருக்குமேல் குறைவு. மதுரையில் விமானம் ஏறிச் சென்னையில் மாறிச் சென்றால், மதுரைக்கும் சென்னைக்கும் இடையே வானில் 420 கிலோமீட்டர், சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே 1,385 கிலோமீட்டர். முதல் பறப்புக்கு ஒன்றேகால் மணி, இரண்டாவதற்கு இரண்டரை மணிக்குள். வானத்தில் இருக்கும் பொழுது நான்கு மணியும் நிறையவில்லை.

ஆனால் விமானக் கம்பெனியார் அச்சிடும் மணிக்கணக்கை நம்பி ஒருவர் வீட்டில் இலை போடச் சொல்லக்கூடாது. சிவகாசியிலிருந்து விமான நிலையத்துக்கு மோட்டாரில் ஒன்றரை மணி. அங்கே சோதனைக்காக முன்கூட்டிச் சேர வேண்டிய பொழுது ஒன்றரை அல்லது இரண்டு மணி. சென்னையில் விமானம் மாறும் இடைவெளி இரண்டு மணி. டம்டம் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் செல்ல ஒரு மணி. பறக்கும் நேரம் நான்கு மணிக்குக் குறைவு. பறவாத நேரம் ஆறு மணிக்கு மேல். ஆக மொத்தம் பத்து மணி நேரமாவது வேண்டும். வேகம் வளர்ந்தபோதிலும் காத்திருத்தல் ஒழியவில்லை. பேட்டையின் வாசலில் வண்டி வரிசையாக நின்றது போல இன்றும் நிற்கின்றோம். எனினும் நான்கைந்து நாள் பத்து மணியாயிற்று என்பது சிறிய காரியமன்று. இரயிலிலேயே சென்றாலும், இரவு சிவகாசியில் ஏறி, காலையில் சென்னை சேர்ந்து, 1977 முதல் ஓடும் கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் இரண்டு நாளுக்குள் ஹௌரா சேரலாம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் இரயில் விருதுநகரிலிருந்து சென்னையை ஏழு மணி நேரத்துக்குள் சேர்க்கின்றது.

இதுகாறும் கூறியவை மனிதனைப் பற்றியவை. சரக்கைப் பற்றிக் கூறாமல் நம் பத்திரிகையில் ஒரு கட்டுரையை முடித்தால் வாசகர் நம்மை மன்னியார்.

தீப்பெட்டியைத் தொடர்ந்து வந்தது பட்டாசுத் தொழில். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் 1940-இல் புதிய விதிகள் ஏற்பட்டு, உரிமம் பெற்று ஆலை நடத்தும் முறை வந்ததும், போரினால் அயல்நாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் சிவகாசிக்கு வாய்ப்பாக அமைந்தன. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பங்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் செய்வதே. ஆனால் இச்சரக்கு ஆகாயத்தில் பறப்பதற்குப் பிறந்தும் ஆகாய விமானத்தில் பறக்க அருகதை அற்றது! பயணிகளின் மூட்டையில் ஒரு கம்பி மத்தாப்புக்கூடச் செல்லக்கூடாது. அபாயச் சரக்குகளைப் பற்றிய சர்வதேச விமான விதிகளில் பட்டாசு முதல் வகுப்பான வெடிபொருள் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கின்றது. இரயிலிலும் பயணி எடுத்துச் செல்வதை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் தண்டிக்கின்றது.

இது வீண் கெடுபிடி என்று நம்மவரில் சிலர் கூறுவதுண்டு. அதனை நாம் ஒப்புவதற்கில்லை. விறகு எரிவதற்கு வெளிக்காற்று வேண்டும். காற்றை அடைத்தால் நெருப்பு அணையும். பட்டாசு மருந்து அவ்வாறன்று. பொட்டாசியம் நைட்ரேட், பேரியம் நைட்ரேட் போன்ற உப்புக்கள் தம்முள்ளேயே பிராணவாயுவை வைத்திருக்கின்றன. அவை கந்தகத்தோடும் அலுமினியப் பொடியோடும் கலந்திருக்கும்போது எரிவதற்கு வெளிக்காற்றை எதிர்பார்ப்பதில்லை. மூடிய அறையிலும் எரியும். உராய்வும் அதிர்ச்சியும் வெப்பமும் அதற்குப் பகை. தரையில் ஓடும் லாரி தீப்பிடித்தால் ஓட்டுநர் இறங்கி ஓடலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் நிறுத்துவதற்கு ஒரு பேட்டை இல்லை.

ஆகவே பட்டாசு லாரியிலேயே செல்கின்றது. அதுவும் வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்ட வண்டியில், உரிமத்தோடு. சிவகாசியிலிருந்து கொல்கத்தா சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். பாரமேற்றிய லாரி நாளொன்றுக்கு நானூறு கிலோமீட்டர் செல்லுமென வைத்தாலும் ஐந்தாறு நாள் ஆகும். மீண்டும் படித்துப் பாருங்கள்: 1922-இல் தொழில் கற்கச் சென்றவர் வழிக்கும் நான்கைந்து நாள், அக்கல்வியின் பயனாக விளைந்த தொழிலின் சரக்குக்கு இன்றும் ஐந்தாறு நாள். நூறாண்டில் முதலாளியின் வழி பத்து மணியாகக் குறைந்தது. தொழிலாளி கட்டிய பெட்டியின் வழி ஒரு நாளும் குறையவில்லை.

இதனால் வரும் நஷ்டத்தை வியாபாரிகள் நன்கறிவர். மதுரை மல்லிகை காலையில் பறித்தால் மாலைக்குள் விமானமேறி அயல்நாடு செல்கின்றது. துணி வியாபாரி தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு முன்னரும் விமானத்தில் சரக்கு வருவித்துக் கடையை நிரப்பலாம். பட்டாசு வியாபாரிக்கோ பிந்தி வந்த ஆர்டர் கைநழுவிய ஆர்டரே. தந்தி அடித்தாலும், தொலைபேசியில் மன்றாடினாலும், இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்றாலும் பெட்டி பறக்காது. அதனாலேயே இத்தொழில் தீபாவளிக்குப் பல மாதம் முன்னரே உற்பத்தியைத் தொடங்கி, பணத்தைச் சரக்கில் முடக்கி, பண்டிகையை எதிர்நோக்கிக் கிடக்கின்றது. வடகிழக்குப் பருவமழை முன்னதாக இறங்கினால் காயவைக்கும் களம் நனையும். காயாத நாள் ஒவ்வொன்றும் லாரிக்குரிய நாளைத் தின்னும். வங்காளத்தார்க்குக் காளி பூஜையும் நம் தீபாவளியை ஒட்டியே வருகின்றது. ஆக எல்லா ஊரும் ஒரே வாரத்தில் கேட்கும் பண்டம் இது. வட்டி கட்டுவோர்க்கு இக்கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

கொல்கத்தாவின் தூரத்தைப் பற்றி இவ்வளவும் எழுதிய பின்னர், அதனினும் மிகக் குறுகிய இன்னொரு தூரத்தைப் பற்றி எழுதாமலிருக்க மனம் வரவில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை தீப்பற்றி ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். காயமுற்றோரில் பலர் மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிவகாசியிலிருந்து அம்மருத்துவமனை எழுபத்தைந்து கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஒன்றரை மணி வழி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வழி அது. தீப்புண் பட்ட உடம்பு நீரை இழந்துகொண்டேயிருக்கும்; முதற்சில மணிக்குள் நரம்பு வழியே திரவம் ஏற்றி மூச்சுக்குழலைக் காத்தால் பிழைப்போர் எண்ணிக்கை கூடும் என்பது மருத்துவர் துணிபு. ஆகையால் அந்த ஒன்றரை மணி, விமானத்தில் மிச்சமாகும் நாலு நாளைவிட மதிப்புடையது. நம் ஊர்ப் பெரியவர்கள் விமான நிலையத்தின் விஸ்தரிப்புக்காக மனுக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. அதற்கு முன்னர் கொடுக்க வேண்டிய மனு ஒன்று உண்டு என்றே சொல்கின்றோம்.

பண்டைப் பேட்டைகள் ஒருநாள் வண்டி வழிக்குள் ஒன்றென அமைந்தன. அதற்கு மேல் மாடு தாங்காது என்பது தெரிந்து அமைத்தார்கள். தீப்புண் பட்டவன் எவ்வளவு வழி தாங்குவான் என்று கணக்கிட்டுச் சிகிச்சை நிலையங்களை அமைப்பதும் அத்தகைய வேலையே. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலைகளிலிருந்து மதுரை இன்னும் தூரம். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சிவகாசியிலிருந்து அது இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு. 1922-இல் வண்டி மாடு ஓர் இரவு முழுதும் நடந்த அதே பதினாறு மைல். ஆம்புலன்ஸ் வண்டி இன்று அதனை அரைமணிக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் கடக்கின்றது.